படிக்கப் போன பிள்ளைகிட்ட வீட்டு விஷயத்த மறைக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு ஊரு குலசேகரம் பக்கம், கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கி ரெண்டாம் வருஷம் படிக்கேன். நம்ம மாவட்டத்துல பிள்ளைய வெளியூருக்கு படிக்க அனுப்பியிருக்க அப்பா அம்மாமாருக்கு ஒண்ணு சொல்லணும்னுதான் எழுதுறேன்.

போன நவம்பர் கடைசி மழையில அப்பா ரப்பர் தோட்டத்துல வழுக்கி விழுந்து வலது கை ஒடிஞ்சு போச்சு. எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியம் பாக்குற ஆசான்கிட்ட போய் கட்டு போட்டிருக்காங்க, எனக்கு யாரும் சொல்லல. பரீட்சை நேரம், அவ கெடந்து அழுவான்னு அம்மா தம்பிகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியாச்சு. டெய்லி போன் பண்ணுவேன், "தேயில குடிச்சியா மக்களே, சாப்பிட்டியா" இதேதான், நானும் ஆமான்னு சொல்லி வச்சிருவேன். கிறிஸ்மஸ் லீவுக்கு விடியக்காலம் நாகர்கோவில் ஸ்டேஷன்ல இறங்குனா அப்பா வரல, மாமா வந்து நிக்காவ. வீட்டுக்கு போனா அப்பா இடது கையால கஞ்சி கோரி குடிக்கிறாவ, பத்தாங்கிளாஸ் படிக்கிற தம்பிக்கு விரல் நுனியெல்லாம் ஆசிட் பட்டு தோல் உரிஞ்சு கிடக்கு. சித்தப்பா மரத்துல பால் வடிய பட்டைய வெட்டி குடுக்க, அந்த பால எடுத்து ஆசிட் ஊத்தி உறைய வச்சு ரப்பர் ஷீட் அடிச்சதெல்லாம் அவன்தான், ஒரு மாசமா. பாசத்துலதான் மறைச்சாங்க, அது எனக்கு தெரியும், ஆனா அன்னைக்கு சொந்த வீட்டுல விருந்துக்கு வந்தவ மாதிரி முழிச்சிட்டு நின்னேன், அத இப்ப நினைச்சாலும் தாங்கல.

நினைச்ச நேரம் ஓடி வரவும் முடியாது. முன்ன 120 நாளைக்கு முன்னாடியே ரயில் டிக்கெட் எடுக்கலாம், 2024 நவம்பர் 1ல இருந்து 60 நாள்தான், பொங்கல் ஓணம்னா கண்ண மூடி திறக்குமுன்ன வெயிட்டிங் லிஸ்ட் ஆயிரும். அப்போ எங்களுக்கு இருக்குறது போன் ஒண்ணுதான், அதுலயும் நல்ல செய்தி மட்டும் சொன்னா எப்படி? ஆடு குட்டி போட்டதும் சொல்லுங்க, ஷீட் விலை குறைஞ்சதும் சொல்லுங்க, ஆச்சிக்கு முடியலன்னா அதையும் அன்னைக்கே சொல்லுங்க.

என்ன மாதிரி படிக்கிறவங்களுக்கும் ஒண்ணு. அம்மாகிட்ட பேசி முடிச்சுட்டு கடைசியில தம்பிகிட்ட குடுன்னு ஒரு நிமிஷம் பேசுறது பத்தாது, அவனுக்குன்னு தனியா கூப்பிடுங்க. இப்ப அப்பா கை சரியாகி வெட்டுக்கு போறாவ, ஆனா சாயங்காலம் ஷீட் அடிக்கிறது தம்பிதான், செல்போன ஜன்னல் கம்பியில சாய்ச்சு வச்சுட்டு ரோலர சுத்துவான், நான் இங்க ரெக்கார்ட் நோட் எழுதிட்டு இருப்பேன், பாதி நேரம் ரெண்டு பேரும் பேசவே மாட்டோம், அந்த ரோலர் சத்தம் மட்டும் கேக்கும். திடீர்னு ஏதாவது சொல்லுவான். போன வாரம் அப்படித்தான் கணக்குல 31 மார்க்குன்னு சொன்னான், அப்பாகிட்ட இன்னும் சொல்லல அக்கா, நீ வந்த பொறவு சொல்லுவோம்னான்.

கல்லூரி மாணவி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்