செயலாளரின் ஆண்டறிக்கை: புகைவீடும் இடுகாடும்

தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை, இரண்டு குடும்பங்களுக்கு மருத்துவ உதவி ஆகியவை வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் அதிகம் பேச நினைப்பது பழைய ரப்பர் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைத்த புகைவீட்டையும் அதன் பின்னாலுள்ள இடுகாட்டையும் பற்றி.

நம் பேராக் மாநிலத்தில், பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் வழியில் கெல்லி மாளிகை இருக்கிறது. தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் துரை 1915இல் கட்டத் தொடங்கினார். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, வேலை பாதியில் நின்றது. காய்ச்சலில் ஆட்கள் மடிந்தபோது மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டவர்கள் நம் தமிழ்த் தொழிலாளர்கள். கட்டிக்கொடுத்த துரையின் உருவத்தை இன்றும் அந்தக் கோயில் கூரையில் பார்க்கலாம். இன்னொரு பக்கம், தஞ்சோங் துவாலாங் சாலையில் 1938இல் கட்டிய டி.டி.5 ஈயக்கப்பல், அதாவது மிதந்தபடியே ஈயமண் தோண்டிய இயந்திரம். 4,500 டன் எடை, 1982 வரை ஓடியது. இரண்டுக்கும் பேருந்து பேருந்தாக ஆள் வருகிறார்கள். பார்த்துவிட்டு, சாப்பிட ஈப்போவுக்குப் போய்விடுகிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை என்ற எண்ணெய்ப்பனை வந்த பிறகு ஒவ்வொன்றாகக் கதவடைத்த நம் கடைவரிசையில் யாரும் இறங்குவதில்லை. இறங்கிப் பார்க்க நம்மிடமும் ஒன்று இருக்கிறது என்பதால்தான் இந்த வேலையில் கை வைத்தோம்.

லாலான் புல் ஆள் உயரம் நின்றது. முதல் நான்கு ஞாயிறும் வெட்டவே சரியாகப் போயிற்று. காலை ஏழு மணிக்குக் கூடி, பசியாறிவிட்டு இறங்குவோம். புகைவீட்டுச் சுவரில் ஆலவேர் இறங்கியிருந்தது. இளைஞர்கள் பிடுங்கப் போனார்கள். பிடுங்கினால் செங்கல்லும் கூடவே வந்துவிடும் என்று கொத்தனார் அண்ணன் தடுத்தார். வேரை அறுத்து, காயவிட்டு, மெல்ல எடுத்தோம். விரிசலைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசினோம். பழைய செங்கல்லின் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே நின்று கல்லை உதிர்த்துவிடும். உள்ளே இன்னும் புகை வாசம் இருக்கிறது. ஷீட் காயப்போட்ட மூங்கில் கம்புகளில் இரண்டு கரிபிடித்தபடி அப்படியே கிடந்தன. அவற்றைத் துடைக்கவில்லை.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். இடுகாட்டில் முதலில் கிடைத்த கல்லை நானே கம்பி பிரஷால் தேய்த்தேன். பாசியோடு எழுத்தும் போய்விட்டது. 'அம்மாள்' என்பது மட்டும் மிஞ்சியது, அவர் பெயர் போய்விட்டது. அந்தக் குடும்பத்தார் யாராவது இருந்தால் மன்னிக்க வேண்டும். அதன்பின் தண்ணீரும் தேங்காய் நாரும் மட்டும்தான். பன்னிரண்டு கற்களைப் படிக்க முடிந்தது. பல குழிகளுக்குக் கல்லே இல்லை, செம்பருத்திச் செடிதான் அடையாளம். அவற்றை வெட்ட வேண்டாம் என்று செயலவை முடிவெடுத்தது.

இப்போது ஞாயிறு காலையில் சைக்கிள் குழுக்கள் நிற்கின்றன. புகைவீட்டெதிரே ஒட்டுக்கடை போட்ட அக்கா முன்பெல்லாம் பத்து மணிக்கே வடையைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். இப்போது இரண்டாவது முறை மாவு அரைக்கிறார். மூடிக்கிடந்த முடிதிருத்தும் கடையைத் தம்பி ஒருவர் வாடகைக்கு எடுத்து இளநீரும் தே தாரேக் என்ற இழுத்தாற்றிய பால்தேநீரும் விற்கிறார். பெரிய வருமானம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் சிங்கப்பூர் போகும் எண்ணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார், எனக்கு அது பெரிய விஷயம்.

கழிப்பறை இல்லாததுதான் பெரிய குறை. உரிய அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதியும் பதில் வரவில்லை. நான்காவதை அடுத்த வாரம் நேரில் கொண்டுபோகிறோம்.

அடுத்து வெயிலும் மழையும் படாமல் கூரை போட வேண்டும். அதைவிட அவசரம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தவர்களும் புகைவீட்டில் வேலை பார்த்தவர்களும் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் சொல்லுங்கள், நாங்களே வண்டியில் வந்து அழைத்துப்போகிறோம். எந்தக் குழி யாருடையது என்று அவர்களால்தான் கைகாட்ட முடியும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்