ஜப்பானிய இசைக்குழுப் பாடல் ரசிகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கு இந்த அறிக்கை மின்னஞ்சலில் வந்து சேரும். அவர்களும் படிக்க வேண்டும் என்பதால் சில பத்திகளைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நிதியாண்டில் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல டோக்கியோவின் எடோகாவா வட்டாரச் சமூகக் கூடத்தில் நடைபெற்றன. போதிய உறுப்பினர்கள் வராமல் இரண்டொரு கூட்டங்கள் தள்ளிப்போயின. ஏப்ரலில் பூங்காவில் செர்ரி மலர் பார்க்கும் சக்குரா சந்திப்பு நடந்தது, மழை பெய்தது. ஆகஸ்டில் சோகா பூங்காவில் நடந்த ராக் இன் ஜப்பான் இசை விழாவுக்கு, குலுக்கலில் டிக்கெட் கிடைத்தவர்கள் சென்றுவந்தார்கள். செப்டம்பரில் பம்ப் ஆஃப் சிக்கன் குழுவின் 'ஐரிஸ்' பாடல் தொகுப்பு வெளியானபோது ஒரு கூட்டம் முழுவதையும் அதற்கே ஒதுக்கினோம். டிசம்பரில் கரவோக்கே. அதற்கு மட்டும் அறை கொள்ளாத கூட்டம் வந்ததைப் பதிவு செய்ய வேண்டியது என் கடமை.

இந்த ஆண்டின் முக்கியப் பணி, இன்று முப்பதுகளில் இருக்கும் ஜப்பானியர்களுக்குப் பிடித்த பாட்டுகளின் பட்டியல். இது செயலாளரின் சொந்த ஆசை என்று சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் எல்லோரும் கை தூக்கி நிறைவேற்றிய தீர்மானம் அது. கூட்டக் குறிப்பேடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் முப்பத்தைந்து வயது ஜப்பானியர், கரவோக்கே அறைக்குள் நுழைந்ததும் எந்தப் பாட்டைத் தேடுகிறார், ஏன் அதையே தேடுகிறார் என்று அறிந்துகொள்வதுதான் நோக்கம். நம் உறுப்பினர்களும் பெரும்பாலும் அதே வயதுக்காரர்கள். ஆனால் ஜப்பானியர்கள் இந்தப் பாட்டுகளைப் பள்ளிக்குப் போகும் ரயிலில் கேட்டார்கள். நம்மில் பலருக்கு நருட்டோ, ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் அனிமே தொடர்களின் தொடக்கப் பாட்டாகத்தான் அவை அறிமுகமாயின.

இன்று முப்பதுகளில் இருப்பவர்கள் 1985க்கும் 1995க்கும் இடையில் பிறந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிச் சீருடையில் இருந்த காலம் ஏறத்தாழ 2000 முதல் 2010 வரை. ஆகவே அந்தக் காலத்தில் வெளிவந்த இசைக்குழுப் பாட்டுகள் மட்டும் என்று விதி வைத்தேன். விதி வைத்த அன்றே சண்டை தொடங்கியது. கானா-பூன் குழுவின் 'சில்லவெட்' 2014இல் வந்தது. இப்போதுதான் முப்பதைத் தொட்ட உறுப்பினர்கள் அதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றார்கள். சேர்க்கவில்லை. வேறு சிலர் கிரீன் குழுவின் 'கிசெக்கி'யைக் கேட்டார்கள். 2008இல் வந்த பாட்டு, வயதுக் கணக்கில் சரிதான். ஆனால் முகம் காட்டாமல் பாடும் அந்த நான்கு பல் மருத்துவர்களும் பாடகர்கள் மட்டுமே. மேடையில் கிட்டாரும் டிரம்ஸும் அவர்கள் கையில் இல்லை. நம் வட்டத்தின் பெயரில் இசைக்குழு என்ற சொல் இருக்கிறது. இதைச் சொன்னதற்காக டிசம்பர் கரவோக்கேயில் என் எதிரிலேயே 'கிசெக்கி'யை மூன்று முறை பாடினார்கள். பாடட்டும்.

சண்டை இல்லாமல் இடம்பிடித்தவையும் உண்டு. பம்ப் ஆஃப் சிக்கனின் 'தென்தாய் கன்சொக்கு' 2001 மார்ச்சில் வந்தது. சிபா மாவட்டத்தின் சகுரா நகரில் மழலையர் பள்ளியிலிருந்தே ஒன்றாக வளர்ந்த நான்கு பேர், பின்னிரவில் ரயில்வே கேட் அருகே தொலைநோக்கியோடு காத்திருப்பதைப் பாடினார்கள். அந்தப் பாட்டின் முதல் கிட்டார் ஒலி கேட்டதும் அலுவலக விருந்தில் டை கட்டிய ஆட்கள் எழுந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். தொக்குஷிமாவிலிருந்து வந்த சாட்மொன்சியின் 'ஷாங்ரிலா' 2006. மூன்று பெண்கள், மூன்று கருவிகள், எங்கும் பூச்சு கிடையாது. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டு அதுதான். எல்லேகார்டன் குழு 2008இல் இயக்கத்தை நிறுத்தி 2018இல் திரும்பி வந்தது. புதிய தொகுப்பு வர 2022 டிசம்பர் ஆனது. முந்தையதற்கும் அதற்கும் இடையே பதினாறு ஆண்டுகள். பள்ளிப் பையில் அவர்கள் குறுந்தகட்டை வைத்திருந்தவர்கள், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு டிக்கெட் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

ஒகினாவாவின் மொங்கோல்800 குழு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய 'மெசேஜ்' 2001இல் வந்தது. பெரிய நிறுவனம் எதன் துணையும் இல்லாமல் ஜப்பானின் விற்பனைத் தரவரிசையான ஒரிகான் தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் சுயாதீன வெளியீடு அதுதான். அதிலுள்ள 'சீசானா கொய் நோ உத்தா', ஜப்பானியப் பள்ளி விழாக்களில் கத்துக்குட்டிக் குழுக்கள் முதலில் கையிலெடுக்கும் பாட்டு. கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று மூன்று பேர் போதும். வேகம் இருந்தால் பிழைகள் வெளியே தெரியாது. நம் வட்டமும் அதை வாசிக்கலாம் என்று முடிவாகி, ஜூலையில் பயிற்சி ஸ்டுடியோ ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். டிரம்ஸ் வாசிப்பதாக ஒப்புக்கொண்ட உறுப்பினர் வரவில்லை. ஜப்பானிய ஸ்டுடியோக்களில் தவறாமல் இருக்கும் ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப்ளிஃபயரின் முன்னால் மற்ற இருவரும் டிரம்ஸ் இல்லாமலே இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு வந்தார்கள். வாடகை மூவருக்கும் உரியது என்பதே செயற்குழுவின் கருத்து. மூன்றாவது பங்கு இன்னும் வரவில்லை.

பட்டியலையும் ஒவ்வொரு பாட்டுக்கான குறிப்பையும் சிறு கையேடாக அச்சிட்டோம். பாட்டுப் புத்தகத்தில் பாட்டே இல்லை என்று கேலி செய்தவர்களுக்கு ஒரு விளக்கம். பாடல் வரிகளை அச்சிட்டு விநியோகிக்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். பெரும்பாலான பாட்டுகளுக்கு அதைப் பாடல் உரிமைகளை நிர்வகிக்கும் ஜாஸ்ராக் அமைப்பு கட்டணம் வாங்கிக்கொண்டு தருகிறது. அந்தக் கட்டணத்தைக் கட்டும் நிலையில் நம் கையிருப்பு இல்லை. ஏன் இல்லை என்பதைச் சந்தா பற்றிய பத்தியில் காணலாம்.

இதையொட்டி இன்னொன்று. இலையுதிர்கால இசை மாலைக்கு ஆளுக்கு ஐந்நூறு யென் நுழைவுக் கட்டணம் வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் எதிர்த்தேன், பிடிவாதக்காரன் என்று பெயரும் வாங்கினேன். லாப நோக்கம் இல்லாமல், கேட்பவரிடம் கட்டணம் வாங்காமல், வாசிப்பவருக்கு ஊதியம் கொடுக்காமல் நடத்தினால்தான் அனுமதியின்றி மேடையில் வாசிக்க ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு இடம் தருகிறது. சிற்றுண்டிப் பணம் என்று பெயர் மாற்றி வாங்கினால் மட்டும் சட்டத்துக்குத் தெரியாதா? எல்லோரும் சந்தா கட்டியிருந்தால் இந்த யோசனையே எழுந்திருக்காது.

இனி எனோடென் ரயில் பயணம். இதைப் பற்றித்தான் அதிகமான முணுமுணுப்பு என்பதால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஏசியன் குங்-ஃபூ ஜெனரேஷன், சுருக்கமாக அஜிகான், யோக்கொஹாமாவில் கல்லூரி மாணவர்களாக 1996இல் தொடங்கிய குழு. நம்மில் பலருக்கு அவர்களை 'ஹருக்கா கனத்தா'வும் 'ரீரைட்'டும் மூலம் தெரியும். இன்றைய பிள்ளைகளுக்கு 2022இல் வந்த 'போச்சி த ராக்' அனிமே தொடர் மூலம் தெரியும். அந்தத் தொடரின் நான்கு நாயகிகளுக்கும் அஜிகான் உறுப்பினர்களின் குடும்பப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். ஃபுஜிசாவாவிலிருந்து காமகுரா வரை கடலோரமாகப் பத்து கிலோமீட்டர் ஓடும் எனோடென் ரயில் பாதையில் மொத்தம் 15 நிலையங்கள். 2008இல் அஜிகான் வெளியிட்ட 'சர்ஃப் புன்காக்கு காமகுரா' தொகுப்பில் பத்து நிலையங்களுக்குத் தலைக்கு ஒரு பாட்டு இருந்தது. மீதி ஐந்து நிலையங்கள் பாட்டில்லாமல் நின்றன. 2023 ஜூலையில் பழைய பத்தையும் மறுபடி வாசித்துப் பதிவு செய்து, விடுபட்ட ஐந்துக்கும் புதிதாக எழுதிச் சேர்த்து, முழுப் பதிப்பாக வெளியிட்டார்கள். பதினைந்து ஆண்டு கழிந்தாலும் நிலுவையைத் தீர்த்தார்கள். நம் உறுப்பினர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி, அடுத்த வண்டி வரும்வரை அந்த நிலையத்தின் பாட்டைக் கேட்பது என்று திட்டம். ஒற்றைத் தடம், பதினான்கு நிமிடத்துக்கு ஒரு வண்டி, பாட்டு முடிந்து குறிப்பைப் படிக்கவும் நேரம் இருக்கும். முழுப் பாதைக்கும் பாதி நாள் வேண்டும். லைன் செயலியில் உள்ள நம் குழுவில் அறிவித்ததும் கட்டைவிரல் படங்கள் வந்து குவிந்தன. நவம்பர் சனிக்கிழமை காலை ஃபுஜிசாவா நிலையத்தில் நின்றவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் ஒருவர் 2008 பதிப்பு மட்டுமே முப்பதுகளின் பாட்டு, 2023 பதிப்பு நம் விதிப்படி செல்லாது என்று முதல் நிலையத்திலேயே வாதம் தொடங்கினார். என் விதியை என்னிடமே திருப்பியது எனக்கு மகிழ்ச்சிதான். குறைந்தபட்சம் அவர் கையேட்டைப் படித்திருக்கிறார். பழைய பத்தைப் பழைய பதிவிலும், புதிய ஐந்தைப் புதிய பதிவிலும் கேட்பதென்று சமரசமானது.

எனோஷிமாவுக்கும் கொஷிகொஏவுக்கும் இடையில் ரயில் கடைத்தெரு நடுவே, கார்களோடு சேர்ந்து சாலையிலேயே ஓடுகிறது. கொஷிகொஏ நடைமேடை அவ்வளவு குட்டை, ஒரு பெட்டியின் கதவுகள் திறப்பதே இல்லை. அழுமூஞ்சி ஒருவனைப் பற்றிய பாட்டை அந்த இடத்துக்கு ஏன் வைத்தார்கள் என்று யோசிக்க அங்கே நின்றால்தான் தோன்றும். காமகுராகோகோமாயே நிலையத்துப் பாட்டு, அந்த நிலையத்தின் பழைய பெயரான நிஸ்ஸாக்காவைத் தலைப்பில் கொண்டிருக்கிறது. ஆனால் அங்கே பாட்டு காதில் விழவில்லை. ஸ்லாம் டங்க் அனிமே தொடரில் வரும் ரயில்வே கேட்டைப் படம் எடுக்க வந்த கூட்டம் நடைமேடை வரை நிறைந்திருந்தது. கொக்குராக்குஜியில் நேர்மாறு: பாதையின் ஒரே சுரங்கம், பக்கத்தில் மரங்கள், பாட்டு முடிந்த பிறகும் யாரும் பேசவில்லை.

சங்கப் பணத்தில் செயலாளர் கடற்கரை சுற்றினார் என்பது குற்றச்சாட்டு. ரயில் டிக்கெட்டை அவரவரே வாங்கினோம். சங்கக் கணக்கில் வந்தது கையேட்டின் அச்சுச் செலவு மட்டும். வருவதாகச் சொன்ன எண்ணிக்கையை நம்பி அச்சிட்டதால் மிச்சப் பிரதிகள் என் வீட்டு அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. சந்தா கட்டியவர்களுக்கு இலவசம்.

ஜனவரிக் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவருடைய ஜப்பானியச் சக ஊழியர் வந்து, வாடகைக் குறுந்தகடு எடுத்து மினிடிஸ்க் என்ற சிறிய பதிவுத் தட்டில் பதிவு செய்து கேட்ட நாட்களைப் பற்றிப் பேசினார். தோழியிடம் மினிடிஸ்க் கொடுப்பதற்காக, அதன் மேலிருக்கும் சிறு தாளில் பாட்டுப் பெயர்களை எழுத ஒரு மாலை முழுவதும் செலவழிப்பாராம். அடுத்த மாதமே சோனி நிறுவனம் வெற்று மினிடிஸ்க் தயாரிப்பை நிறுத்திவிட்டது. மிக நல்ல உரை. வந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. பொதுவாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்த அளவு. கூடத்தின் வாடகையிலும் அச்சிலும் பெரும்பகுதி போயிற்று; இதர செலவு என்ற தலைப்பில் தேநீரும் பிஸ்கட்டும் அடங்கும். கையிருப்பு இருக்கிறது, ஆனால் அதைப் பற்றிப் பேசும்படி இல்லை. சந்தா நிலுவை வைத்திருப்பவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டும் என்று ஒரு கருத்து இருந்தது. தலைவர் வேண்டாம் என்றதால் வாசிக்கவில்லை. அதே பெயர்கள் டிசம்பர் கரவோக்கே வருகைப் பதிவில் முதல் பக்கத்தில் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஊர் மாறினோம், வேலை மாறினோம், குழந்தை பிறந்தது என்ற காரணங்களை ஏற்கிறேன். வங்கிச் செயலி திறக்கவில்லை என்ற காரணத்தை ஓராண்டுக்கு மேல் ஏற்பது கடினம்.

கூடத்தை முன்பதிவு செய்ய உதவிய உறுப்பினருக்கும், ஒலிபெருக்கி கொண்டுவந்து திரும்ப எடுத்துச் சென்றவருக்கும், கணக்குகளைப் பொறுமையோடு எழுதிய பொருளாளருக்கும், எல்லாக் கூட்டங்களுக்கும் வந்த தலைவருக்கும், சிற்றுண்டி செய்து அனுப்பிய குடும்பத்தினருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு திட்டம் முன்வைக்கிறேன். ஃபுஜிஃபேப்ரிக் குழுவின் பாடகர் ஷிமுரா மசாஹிகோ யமனாஷி மாவட்டத்தின் ஃபுஜியோஷிதாவில் பிறந்தவர். கோடைக்கால வாணவேடிக்கை முடியும் வேளையைப் பாடும் 'வக்காமோனோ நோ சுபெத்தே'யை 2007இல் தந்தவர். 2009 டிசம்பர் 24 அன்று, இருபத்தொன்பது வயதில் மறைந்தார். மற்ற மூவரும் குழுவைக் கைவிடாமல் நடத்தி, இந்த 2025 பிப்ரவரியில்தான் இயக்கத்தை நிறுத்தினார்கள். அவர் ஊரில் ஷிமோயோஷிதா நிலையத்துக்கு ரயில் வரும்போது அவருடைய பாட்டுகளின் மெட்டு ஒலிக்கிறது. ஓட்சுகியில் வண்டி மாறினால் அங்கே போய்விடலாம். ஜூலையில் போகலாம் என்பது என் எண்ணம். இந்த முறை கையேட்டை, சந்தா வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கைக்கு மட்டுமே அச்சிடுவேன்.

செயலாளர் பொறுப்பை அடுத்த ஆண்டு வேறு ஒருவர் ஏற்க விரும்பினால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கக் காத்திருக்கிறேன். சென்ற ஆண்டும் இதைச் சொன்னேன், யாரும் கை தூக்கவில்லை. ஷிமோயோஷிதாவுக்குப் பெயர் கொடுக்க மே மாத இறுதி வரை அவகாசம். லைன் குழுவில் கட்டைவிரல் படம் போடுவது பெயர் கொடுத்ததாகக் கொள்ளப்படாது. பொருளாளரின் கணக்குக்குப் பணம் அனுப்பி, அனுப்பியவர் பெயரைத் தவறாமல் குறிப்பிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்