எஞ்சின் கவருக்கு மறுபடி பெயின்ட் வேண்டாம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். அப்பத்தா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

சரி, நீ கேட்ட பழைய யெஸ்டி பைக் விஷயத்துக்கு வருகிறேன். யாரோ அதன் எஞ்சின் கவரில் அடித்த சில்வர் பெயின்டை எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் காஸ்டிக் சோடா பக்கம் போகவே போகாதே. பெயின்டோடு அலுமினியத்தையும் அது தின்றுவிடும். யெஸ்டி செய்த மைசூர் தொழிற்சாலை 1996-லேயே மூடியாகிவிட்டது, வேறு கவருக்கு எங்கே போவது? பெயின்ட் ரிமூவரைத் தடிமனாகப் பூசி, பாலித்தீன் தாளால் மூடி வை. பெயின்ட் தோல் சுருங்கிக் கொப்பளித்ததும் மெல்லிய மரத்துண்டால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். கையுறை போட்டுக்கொள், முற்றத்தில் வைத்துச் செய். கழற்றும்போது திருகுகளை ஓர் அட்டையில் அதனதன் இடத்தில் குத்தி வை. நீளம் ஒரே மாதிரி இருக்காது.

பெரிய வேலை அதற்கப்புறம்தான். வாட்டர் பேப்பரில், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில், 400, 800, 1200, 2000 என்று போ. எண் கூடக் கூடத் தாள் நைசாகும். நம்மூர் வீட்டுச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு அடுக்கடுக்காக நைசாகிக்கொண்டே போகுமே, அதே கணக்கு. 400 தேய்த்த திசைக்குக் குறுக்கே 800-ஐத் தேய். பழைய கோடுகள் முழுக்க மறைந்தால்தான் அடுத்த தாளை எடுக்க வேண்டும். வெயிலில் சாய்த்துப் பார், மிச்சமிருக்கும் ஒரு கோடுகூடத் தெரிந்துவிடும். பேக்கிங் (ஆயில் கசியாமல் இடையில் வைக்கும் தாள்) உட்காரும் விளிம்பை மட்டும் தொடாதே, ஆயில் கசியும். கடைசியில் துணிச் சக்கரத்தில் பஃபிங், அதாவது பளபளப்பேற்றுவது.

பட்டறையில் மேலே லேக்கர் என்ற நிறமில்லாத பூச்சை அடிக்கச் சொல்வார்கள். வேண்டாம் என்றே சொல்வேன். சூட்டிலும் கல் தெறிப்பிலும் ஓரிடத்தில் விரிசல் விட்டால் போதும், ஈரம் உள்ளே போய் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டதுபோல் அரிக்கும். அப்புறம் முழுவதையும் உரிக்க வேண்டும். வெறும் அலுமினியமோ காற்றுப் பட்டதுமே தனக்கொரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போட்டுக்கொள்கிறது. மங்கினால் பாலிஷ் போட்டுத் துடைத்தால் போதும். ஆனால் தூத்துக்குடி உப்புக்காற்று அந்தப் படலத்தையும் விட்டுவைக்காது, புள்ளி புள்ளியாகக் குழி விழும். இங்கே காரைக்குடியில் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் 1953-லிருந்து இந்த அரிப்பையெல்லாம்தானே ஆராய்கிறார்கள்! அதனால் கடற்கரைப் பக்கம் ஓட்டிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, அவ்வப்போது மெழுகு தடவு.

பேக்கிங் அங்கே கிடைக்காவிட்டால் கவரின் விளிம்பைத் தாளில் ஒற்றி அனுப்பு. இங்கே வெட்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் காரைக்குடி மச்சான்