பாற்சோறு சாப்பிடலாம், பால் தேத்தண்ணிதான் கூடாது

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள வாசுகிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சாவகச்சேரிக்கே மாற்றம் கிடைத்ததில் எனக்கும் பெரிய நிம்மதி. அவளுடைய குழந்தை இரவெல்லாம் அழுகிறது, பால் ஒவ்வாமையாக இருக்குமோ என்று கேட்டிருந்தாய். அழுகையை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த வயதில் ஒன்றுமில்லாமலே அழும் பிள்ளைகள் ஏராளம்.

எங்கள் பேரனுக்கு வந்தது வேறு மாதிரி. இரண்டாம் மாதத்தில் நாப்பியில் சளியும் நூல் நூலாக இரத்தமும். பிள்ளையோ சிரிக்கிறான், பால் குடிக்கிறான், நிறையும் ஏறுகிறது. ஆசனவாயில் வெடிப்பும் இல்லை, கிருமித் தொற்றும் இல்லை என்று பார்த்த பிறகே வைத்தியர் காரணம் சொன்னார். தாய் குடிக்கும் பசுப்பாலின் புரதம் தாய்ப்பால் வழியாகப் போய் அவன் பெருங்குடலை அழற்சியாக்குகிறதாம். பால் ஊறட்டும் என்று பிள்ளை பெற்றவளுக்குக் காலை மாலை பால்மா கரைத்துக் கொடுப்பதுதானே நம் வழக்கம்! இந்த வகை ஒவ்வாமை இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் பிடிபடாது. தாய் பாலை நிறுத்திப் பார்ப்பதுதான் சோதனை.

தாய்ப்பாலை நிறுத்தி ஆட்டுப்பால் கொடு என்றார்கள் சொந்தக்காரர். ஆட்டுப்பாலின் புரதமும் ஏறக்குறைய அதேதான். இன்னும் சிலர் மீன், முட்டை, பலாப்பழம் என்று ஒவ்வொன்றாகத் தடை போட்டார்கள். இதற்கு நான் இடம் கொடுக்கவே இல்லை. பாலூட்டுகிறவளைப் பத்தியம் என்று பட்டினி போடுவது பெரிய அநியாயம், வாசுகி. வைத்தியர் நிறுத்தச் சொன்னது பாலும் பாலில் செய்ததும் மட்டுமே.

கீழ்வீட்டுச் சிங்கள அக்கா பாற்சோறு அனுப்பியபோது என் மகள் தட்டைத் தொடவே பயந்தாள். அது தேங்காய்ப்பாலில்தானே செய்வது! சொதியும் அப்படித்தான், பயமே இல்லை. கவனமெல்லாம் பிஸ்கட் பக்கற்றில் பொடி எழுத்தில் இருக்கும் வே, கேசீன் என்ற பால் புரதங்களின் பெயர்களில்தான். கல்சியத்துக்கு நெத்தலி, குரக்கன், எள்ளு, கூடவே வைத்தியர் தந்த குளிசை.

ஒரு கிழமைக்குள் இரத்தம் நின்றது. பிறகு வைத்தியர் சொன்னபடி மகள் கொஞ்சம் பால் குடித்துப் பார்த்தாள், திரும்ப வந்தது. அதோடு சந்தேகம் தீர்ந்தது. அநேகமான பிள்ளைகளுக்கு ஒரு வயதளவில் இது தானாகவே போய்விடுமாம்.

ஆறு மாதத்தில் சோறு ஊட்டும்போது முட்டையையும் கச்சானையும் தள்ளிப்போட எண்ணமில்லை. கச்சான் ஒவ்வாமை வரக்கூடிய பிள்ளைகளுக்கு அதை முதல் வயதிலேயே கொடுத்துவந்தால் ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று 2015இல் இலண்டன் ஆய்வொன்று காட்டியது. முழுக் கச்சான் விக்கும், அரைத்துக் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

உன் பேத்தியின் மலத்தில் இரத்தம் கண்டாலோ, நிறை ஏறாவிட்டாலோ உடனே காட்டுங்கள். ஏதும் சாப்பிட்டு ஓரிரு மணித்தியாலத்தில் ஓயாமல் வாந்தியெடுத்து, வெளிறிச் சோர்ந்து கிடந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

சித்திரைக்கு வருவாய்தானே? எள்ளுருண்டை கொண்டு வா. சொக்லேட்டை விட்ட மகளுக்கு இப்போது அதுதான் ஆசை.

அன்புடன்,
மாலினி