சங்க நிர்வாகிகளுக்கு: அஞ்சலி பேனருக்கு முன்னால் ஒரு ஃபாரம்

எண்ணூரிலிருந்து துறைமுகம் வரை கம்பெனி கேட்டில் கொடி நட்டிருக்கும் எல்லாச் சங்க நிர்வாகிகளுக்கும், எந்தக் கலர் கொடி என்று பார்க்காமல், வணக்கம்.

ஒரு தொழிலாளி இறந்துபோனால் நீங்கள் ஓடி ஓடிச் செய்வதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பொழுது சாய்வதற்குள் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறிவிடும், ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களிடம் துண்டேந்தி வசூல் நடக்கும், காசிமேடு சுடுகாடு வரைக்கும் கூடவே வருவீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த மாதம் அந்த வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு வாரிசுச் சான்றிதழுக்கு மனு போட வருகிறார் பாருங்கள், அப்போது எதிரில் உட்கார்ந்து டைப் அடிக்கிறவன் நான். தண்டையார்பேட்டையில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறேன். அங்கே தெரிகிற விஷயத்தைத்தான் சொல்ல வந்தேன்: உயிரோடு இருக்கும்போது பத்து நிமிஷத்தில் முடிகிற காகித வேலை, செத்த பிறகு வருஷக்கணக்கில் இழுக்கிறது. அதை முன்கூட்டியே முடித்துவைக்கிற செல்வாக்கு உங்களைத் தவிர இங்கே யாருக்கும் கிடையாது.

பி.எஃப்.-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பையன் கல்யாணத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்கிறான், நாமினி என்ற இடத்தில் அம்மா பெயரைப் போடுகிறான், நியாயம்தான். கல்யாணம் ஆனவுடன் அந்த நாமினேஷன் செல்லாது, புதிதாகப் போட வேண்டும் என்பது பி.எஃப். விதி. இதை எத்தனை பேருக்கு யார் சொன்னார்கள்? ரெண்டு குழந்தை பிறந்து பெரியவள் ஸ்கூலுக்கும் போகிறாள், ரெக்கார்டில் இன்னும் அவன் பிரம்மச்சாரி. அப்புறம் ஒருநாள் மாமியாரும் மருமகளும் என் கடை பெஞ்சின் இரண்டு ஓரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் குழந்தை, அதன் மடியில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் பாஸ்புக், இறப்புச் சான்றிதழ், லேமினேட் செய்த ஆதார். ‘எம்புள்ளை என் பேருலதானே எழுதி வெச்சான்’ என்பார் மாமியார். அவர் சொல்வதும் பொய் இல்லை. வேலையில் இருக்கும்போதே இறந்தால் பி.எஃப். பணம் போக அதோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. இன்ஷூரன்ஸ் 7 லட்சம் வரை வரும், அதுவும் இந்தச் சண்டையில் மாட்டிக்கொள்கிறது.

பேங்கில் நாமினி போட்டாகிவிட்டது, எல்லாம் சரி என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குகிறவர், அவ்வளவுதான்; பணம் வாரிசுகளுடையது. இன்ஷூரன்ஸ் பாலிசி வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1983-லேயே இதைச் சொன்னது, ஷேர், மியூச்சுவல் ஃபண்டுக்கும் 2023 டிசம்பரில் அதையே சொன்னது. இன்ஷூரன்ஸில் மட்டும் 2015-ல் சட்டம் மாறி, மனைவி, கணவன், பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்று ஆகியிருக்கிறது. சரி, உயில் எதுவும் இல்லை என்றால் வாரிசு யார்? இந்துவாக இருந்தால் மனைவி, ஒவ்வொரு பிள்ளை, இறந்தவரின் அம்மா எல்லோருக்கும் சம பங்கு, அப்பாவுக்குக் கிடையாது. கிறிஸ்தவர் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம் என்றால் பிள்ளை இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று, அம்மாவுக்கு ஆறில் ஒன்று என்று கணக்கே வேறு. உயிலும் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் எழுதலாம்.

உயில் என்றாலே ‘அது பங்களாக்காரனுக்கு’ என்று சிரிக்கிறார்கள், இல்லாவிட்டால் ‘நல்ல நாளும் அதுவுமா வாயைக் கழுவு’ என்கிறார்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும், தமிழில் எழுதலாம், எழுதியவர் கையெழுத்தும் அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்தும் இருக்க வேண்டும். பங்கு வாங்கப்போகிறவரைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது. ரிஜிஸ்டர் செய்வது அவரவர் விருப்பம். சண்டை வரும் குடும்பம் என்று தெரிந்தால் செய்துவிடுங்கள். மனசு மாறினால் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் நிற்கும்.

சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் உயிலின் பாதி விஷயமே சொத்தில் இல்லை, பிள்ளையை யார் வளர்ப்பது என்பதில் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி பக்கத்தில் புருஷன், பொண்டாட்டி, குழந்தை மூணு பேரும் ஒரே வண்டியில் போகிற ஊர் இது. ரெண்டு பேரும் இல்லாமல் போனால் சித்தப்பாவா, மாமாவா, ஆயாவா? அப்பா தன் உயிலில் கார்டியன் பெயர் எழுதலாம், ஆனால் அம்மா இருக்கும்வரை இந்துச் சட்டப்படி அது நடைமுறைக்கு வராது; அதனால் அம்மாவும் தனியாக எழுத வேண்டும், ரெண்டிலும் ஒரே பெயர் இருந்தால் தொல்லை இல்லை. பிள்ளையை வளர்ப்பது ஆயா, பணத்தைப் பார்த்துக்கொள்வது மாமா என்று பிரித்தும் எழுதலாம், என்னைக் கேட்டால் அதுதான் புத்திசாலித்தனம். இன்னொன்று, வீட்டில் பிள்ளைக்குப் பங்கு வந்துவிட்டால் 18 வயது ஆகும்வரை அம்மாவே நினைத்தாலும் கோர்ட் அனுமதி இல்லாமல் அந்தப் பங்கை விற்க முடியாது. வாரியக் குடியிருப்பில் தவணையெல்லாம் கட்டி முடித்தும் கிரயப் பத்திரம் வாங்காமல் ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் பீரோவில் வைத்திருப்பவர்களையும் கொஞ்சம் கிளப்பிவிடுங்கள்.

தண்டல் கடன் இருக்கிற வீட்டுக்கு ஏஜென்ட்கள் சொல்லாத ஒன்று: கல்யாணமான ஆண் பாலிசி எடுக்கும்போதே 1874-ஆம் வருஷத்து திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்தால், அந்தப் பணம் மனைவி, பிள்ளைகளுடையது, கடன்காரர் அதில் பொதுவாகக் கை வைக்க முடியாது. வருஷம் 436 ரூபாய் கட்டினால், இறந்தபின் குடும்பத்துக்கு 2 லட்சம் தருகிற பிரதமர் ஜீவன் ஜோதி பீமா எல்லோருக்கும் தெரியும், மே கடைசியில் பேங்க் பிடிக்கிற நேரத்தில் அக்கவுன்டில் அந்தக் காசு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

1918-ல் இந்தியாவிலேயே முதல் முறையான தொழிற்சங்கம் கட்டியது பெரம்பூர் மில் தொழிலாளர்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். இந்த மே தினத்தில் கொடி ஏற்றிய கையோடு கேட் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள், போதும். யு.ஏ.என். என்கிற பி.எஃப். கணக்கு நம்பர், ஓ.டி.பி. வருகிற போன், தன் போட்டோ, வீட்டு ஆட்கள் ஆதார், போட்டோ எடுத்துவரச் சொல்லி முந்தின வாரமே நோட்டீஸ் ஒட்டிவிடுங்கள். சொந்த போட்டோ ஏற்றாமல், ஆன்லைனில் பி.எஃப். நாமினி போடுகிற இ-நாமினேஷன் போகாது. உயிலுக்கு உங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் வந்து உட்கார்ந்தால் நல்லது. லேப்டாப், பிரின்டர், ஒரு கட்டு ஏ4 பேப்பர் நான் கொண்டுவருகிறேன், காசு வேண்டாம். கரன்ட் லைனும் டீயும் மட்டும் உங்கள் பொறுப்பு.