பெல்ஜியம் கண்ணாடி யாருக்குச் சொந்தம்?

காரைக்குடி,
9.11.2025

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. போனிலேயே பேசிவிடலாமே என்றார் இவர். நீ கைப்பட நாலு பக்கம் எழுதியிருக்கும்போது நான் போனில் இரண்டு வார்த்தை பேசி முடித்துக்கொள்ள மனசு வரவில்லை. இன்று ஞாயிறு, ஆபீஸ் இல்லை. ஐப்பசி மழை விடாமல் பிடித்திருக்கிறது. முற்றத்தில் அண்டாவை வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. ஒரு மாதத்துக்கு அடுப்பங்கரைப் பக்கம் விடாதே.

உன் மகன் சட்டம் படிக்கப் போகிறேன், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுதப் போகிறேன் என்றதும் உனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கோ படித்ததும் கண் கலங்கிவிட்டது. பிளஸ் டூ முடித்த வருஷம் நாம் இருவரும் ஊருணிப் படிக்கட்டில் உட்கார்ந்து மதுரைச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்குவது பற்றி எத்தனை நாள் பேசியிருப்போம். பஸ் காசுகூடச் சேர்த்து வைத்திருந்தோம். வெளியூரில் தங்கவைத்துப் படிக்கவைக்க முடியாது என்று இரண்டு வீட்டிலும் ஒரே பதில். இப்போது காரைக்குடியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, 2022இல் வந்தது. என் மகள் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு டவுன் பஸ் ஏறி அங்கே போகிறாள். வாசலில் நின்று பஸ் திரும்பும்வரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

அவள் கிளாட் எழுதியது போன வருஷம் டிசம்பர் 1ஆம் தேதி. உன் மகன் இப்போது பிளஸ் ஒன் என்பதால் அவன் எழுதப்போவது அடுத்த வருஷம் டிசம்பரில். ஒரு வருஷம் முழுசாகக் கையில் இருக்கிறது. அவசரப்படாதே, ஆனால் தள்ளியும் போடாதே.

தேர்வு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், பகல் 2 மணியிலிருந்து 4 மணி வரை. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தப்பானால் கால் மதிப்பெண் கழிந்துவிடும். ஆங்கிலம், நாட்டு நடப்போடு பொது அறிவு, சட்டம் சார்ந்த தர்க்கம், பொதுவான தர்க்கம், பத்தாம் வகுப்பு அளவில் கொஞ்சம் கணக்கு. கணக்கில் பத்துப் பதினாலு கேள்விதான் வரும், அவன் கணக்கில் வீக் என்று நீ கவலைப்பட வேண்டாம். நாட்டு நடப்புக்கும் சட்டத்துக்கும்தான் எடை அதிகம், ஒவ்வொன்றிலும் முப்பதை ஒட்டி. எல்லாமே ஆங்கிலம். கேள்விகள் தனித்தனியாக வராது. 450 சொல் வரை ஒரு பத்தி கொடுத்து அதன் கீழே நாலைந்து கேள்வி வரும். சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒரு பயனும் இல்லை. வேகமாகவும் நிதானமாகவும் வாசிக்கத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

பத்தாவது வரை தமிழ் வழியில் படித்த பெண்ணுக்கு இதுதான் மலையாக இருந்தது. காலையில் ஆங்கிலப் பேப்பரில் ஒரு தலையங்கத்தை உரக்கப் படிப்பாள். ஒவ்வொரு பத்திக்கும் தமிழில் ஒரே ஒரு வரி நோட்டில் எழுத வேண்டும், அதற்கு மேல் கூடாது. முதல் மாதம் ஒரு தலையங்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பாதியில் அழுதுகூட இருக்கிறாள். ஆவணி பிறந்தபோது கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு என்னிடம் கதையாகவே சொன்னாள். அந்தத் தமிழ் வரிகளால்தான் அவளுக்கு ஆங்கிலம் பிடிபட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆங்கிலத்திலேயே யோசி, தமிழை மற என்று யாராவது உன் மகனிடம் சொன்னால் கேட்கவிடாதே.

பயிற்சி வகுப்பு பற்றிக் கேட்டிருந்தாய். ஆன்லைனில் ஓர் இடத்தில் 45,000 ரூபாய் கட்டினோம், என் வளையல் இரண்டை அடகு வைத்து. மூன்று மாதத்தில் நாலு ஆசிரியர்கள் மாறினார்கள், சந்தேகம் கேட்டால் பதில் வருவதற்குள் வாரம் ஓடிவிடும். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. எல்லா வகுப்பும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டிவிடாதே. தேர்வை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் தளத்திலேயே பழைய கேள்வித்தாள்கள் கிடைக்கின்றன. அவற்றைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்ததுதான் இவளுக்கு உண்மையான பயிற்சி.

அப்புறம் ஒன்று. பத்திர எழுத்தரிடம் பதினாறு வருஷமாகத் தட்டச்சு செய்கிறேன் இல்லையா, அந்த வேலை இப்படி உதவும் என்று நான் நினைத்ததே இல்லை. அப்போது ஒரு பெரிய வீட்டின் பாகப்பிரிவினைப் பத்திரம் எங்கள் ஆபீசில் ஓடிக்கொண்டிருந்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, கிணற்றடி என்று ஒவ்வொன்றிலும் பங்கு. அதை மனசில் வைத்து ஆள், ஊர் எல்லாவற்றையும் மாற்றி நானே ஒரு கேள்வி கட்டினேன்.

விதி இதுதான். தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது. ஆனால் பலருக்குப் பொதுவான பொருளை, மற்றவர்களின் சம்மதத்தோடு, ஒருவர் மட்டும் தன் வசம் வைத்திருந்தால், அவருக்கு விற்கும் அதிகாரம் இல்லை என்பது தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு அந்தப் பொருள் சொந்தமாகிவிடும். 1930ஆம் வருஷச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 27, 28ஆம் பிரிவுகளில் இருப்பதுதான் இது, எளிமையாகச் சொல்லியிருக்கிறேன். இனி கதை. அண்ணன் தம்பி மூன்று பேர். வீட்டுப் பட்டாலையில் தாத்தா காலத்துப் பெல்ஜியம் கண்ணாடி. மூத்தவர் இருவரும் சென்னையில், வீட்டுச் சாவி இளையவரிடம். அவர் கண்ணாடியை முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்காரர் ஒருவருக்கு விற்றுவிடுகிறார். கண்ணாடி இப்போது யாருக்குச் சொந்தம்?

“அண்ணன்களுக்குத்தான், கேட்காமல் விற்றது தப்பு” என்றாள் சட்டென்று. இன்னொரு தரம் படி என்றேன். “ஐயோ, கடைக்காரர் பாவம், காசு கொடுத்திருக்கிறாரே” என்றாள். பாவமா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை, எந்த வரி உன்னை அங்கே கொண்டுபோகிறது என்று விரல் வைத்துக் காட்டு என்றேன். விரல் விதியின் மேல் நகர்ந்து நகர்ந்து ‘சம்மதத்தோடு’ என்ற சொல்லில் நின்றது. அவ்வளவுதான், அன்று ராத்திரி தோசை மாவு பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் பேசினோம். சாவியைக் கொடுத்தால் கண்ணாடியையும் அவர் வசம் ஒப்படைத்ததாக ஆகுமா? வீட்டைக் கூட்டிப் பெருக்கச் சாவி கொடுப்பதும் பொருளைப் பொறுப்பில் விடுவதும் ஒன்றா? சரி, இப்போது ஒரு வரியை மாற்றுகிறேன் என்றேன். அண்ணன்கள் கடிதம் எழுதி, சாமான்கள் எல்லாம் உன் பொறுப்பில் இருக்கட்டும் என்கிறார்கள். உடனே விடை கடைக்காரர் பக்கம் சாய்ந்தது. இன்னொரு வரி சேர்த்தேன். பங்காளிகளுக்குள் தகராறு, அண்ணன்கள் விற்கக் கூடாது என்கிறார்கள் என்பது கடைக்காரர் காதுக்கு முன்பே எட்டியிருக்கிறது. நல்லெண்ணம் போய்விட்டது, விடை திரும்பவும் அண்ணன்கள் பக்கம் வந்துவிட்டது.

தேர்வில் சட்டப் பகுதி முழுக்க இப்படித்தான். பத்தியில் கொடுத்த விதி மட்டுமே அங்கே விதி. வெளியே நமக்கு எது தெரிந்தாலும், மனசு யாருக்காக இரங்கினாலும் அந்தக் கேள்விக்கு உதவாது. உன் வீட்டில் கண்ணாடிக்குப் பதில் உன் மாமனாரின் நிலத் தகராறு இருக்கிறது, வாடகை ஒப்பந்தம் இருக்கிறது. தினம் ஒன்றைக் கேள்வியாக்கி அவனுக்குக் கொடு. பத்திரத்தில் நான்கு எல்லையில் ஒரு திசை மாறினால் சொத்தே மாறிவிடும் என்பது எனக்குத் தொழிலில் படிந்த பயம். அந்தப் பயத்தைத்தான் அவளுக்குக் கொஞ்சம் கொடுத்தேன்.

தேர்வு திருச்சியில். விடியற்காலை கட்டுச்சோற்றோடு பஸ் ஏறினோம். வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிறு கலங்கியது. ஒரு கேள்வியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருக்கிறாள், விடைத்தாளில் அந்த இடத்தை விடாமல் அடுத்த விடையை அங்கே நிரப்பிவிட்டாள். ஏழு வட்டம் தள்ளிப்போன பிறகுதான் தெரிந்திருக்கிறது. பால்பாயின்ட் பேனா, அழிக்க முடியாது. புதுக்கோட்டை வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் மகனைப் பழைய கேள்வித்தாளை எழுதச் சொல்லும்போது நோட்டில் எழுதவிடாதே. வட்டம் போட்ட தாளை ஜெராக்ஸ் எடுத்து அதில்தான் நிரப்பச் சொல்ல வேண்டும். இதை நான் செய்யத் தவறிவிட்டேன், இன்றும் மனசு ஆறவில்லை.

முடிவு வந்த பிறகும் கதை முடியவில்லை. பதினேழு வயதுப் பையன் ஒருவன், விடைக்குறிப்பே தப்பு என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனான். டிசம்பர் 20ஆம் தேதி தனி நீதிபதி, இரண்டு கேள்விகளில் அவன் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொன்னார். அதன் மேல் முறையீடு, மற்ற மாநிலங்களில் தொடுத்த வழக்குகளும் டெல்லிக்கு மாறின, ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு, கடைசியில் உச்ச நீதிமன்றம் மே 7ஆம் தேதி. மறுநாள் மே 8, பிளஸ் டூ முடிவு! அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆனால் அந்த மாதங்களில் இவள் தீர்ப்புகளை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவந்து பென்சிலால் கோடு போட்டுப் படித்தாள். “அம்மா, என் வயசுப் பையன். ஒரு கேள்வியை ஒழுங்காக வாசித்தான், அவ்வளவுதான். நீதிபதிகள் உட்கார்ந்து அவனுக்குப் பதில் சொல்கிறார்கள்” என்றாள். தேர்வுக்குப் படித்தபோதுகூட அவள் குரலில் அப்படியொரு ஆசையை நான் கேட்டதில்லை.

தரவரிசையில் ஐந்து இலக்க எண்தான் வந்தது. அவள் ஆசைப்பட்ட திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் எட்டவில்லை. எங்கேயோ தொலைவில் கிடைத்திருக்கலாம், ஆனால் இந்தப் பல்கலைக்கழகங்களில் வருஷத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும். கலந்தாய்வில் பதிவதற்கே 30,000 ரூபாய், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20,000. அரசு சட்டக் கல்லூரியில் சில ஆயிரத்தோடு வருஷம் முடிகிறது. அங்கே ஐந்து வருஷப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மே மாதமே விண்ணப்பித்து வைத்திருந்தோம், காரைக்குடியே கிடைத்தது. பெரிய பல்கலைக்கழகம் கிடைக்காததால் இங்கே வந்து விழுந்தாள் என்று சிலர் பேசினார்கள். நான் அப்படி ஒருநாளும் நினைக்கவில்லை. இரண்டு இடத்திலும் படித்து முடித்தவர்கள் ஒரே பார் கவுன்சிலில்தான் பதிய வேண்டும், ஒரே அகில இந்தியத் தேர்வைத்தான் எழுத வேண்டும், ஒரே நீதிபதி முன்னால்தான் நின்று வாதாட வேண்டும். சனிக்கிழமை மதுரை உயர் நீதிமன்றக் கிளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவளை நிறுத்த முடிவதில்லை.

ஆகையால் உன் மகனுக்கு இரண்டு கதவையும் தட்டச் சொல். கிளாட்டையும் எழுதட்டும், பிளஸ் டூ மதிப்பெண்ணையும் விட்டுவிடக் கூடாது. இவள் வகுப்பில் பாதிப்பேர் ஒன்றுக்காக மற்றதைக் கோட்டைவிட்டு வருந்துகிறார்கள். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் வேறு தேர்வு, வேறு விண்ணப்பம். கிளாட் விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிடும். சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து வை, கடைசி வாரத்தில் அலையாதே.

முக்கியமாக ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அவன் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதானே? 2021 முதல் சட்டப் படிப்புக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. என் மகள் அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் அவளுக்கு அது இல்லை. உன் மகனுக்கு உண்டு. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். தலைமை ஆசிரியரிடம் படிப்புச் சான்றிதழ் வாங்கும்போது ஆறு முதல் பன்னிரண்டு வரை வருஷ வாரியாக இருக்கிறதா என்று நீயே பார்த்து வாங்கு.

நாளைக்கு ஒரு பார்சல் அனுப்புகிறேன். மேலே மனகோலமும் சீப்புச் சீடையும் இருக்கும், பக்கத்து வீட்டு ஆச்சி சுட்டுக் கொடுத்தது. அடியில் இவளுடைய தலையங்க நோட்டு மூன்று, பழைய கேள்வித்தாள்கள், நான் எழுதிய கேள்விகள் நாற்பது. முதல் கேள்வி கண்ணாடிதான், ஆனால் விடையைக் கிழித்து எடுத்துவிட்டேன். அவன் என்ன சொல்கிறான், எந்தச் சொல்லில் விரல் வைத்தான் என்று எனக்கு எழுது. அரைப் பரீட்சை லீவுக்கு அவனை இங்கே அனுப்பி வை, இரண்டு பேரும் வளவில் உட்கார்ந்து சண்டை போடட்டும்.

அன்புடன்,
உன் வ.