கார்புரேட்டர் அறிந்த கைகள் குறைந்துவருகின்றன

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அத்தகைய கார்கள் பார்வைக்கு அழகாக இருந்தாலும் குடும்பத்தை நம்பி ஏற்றிச் செல்லத் தகுந்தவை அல்ல என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். 1970களில் என் தந்தை வாங்கிய அப்படிப்பட்ட ஒரு காரைக் குன்னூரில் இன்றுவரை வைத்து ஓட்டிவரும் குடும்பம் எங்களுடையது என்பதால், அந்தக் கட்டுரையில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

வண்டி அடிக்கடி நின்றுவிடும் என்பதை நான் மறுக்கவில்லை. வளைந்து இறங்கும் பானெட்டும், துடைத்தால் முகம் தெரியும் குரோமியம் பம்பரும், மூன்று பேர் தாராளமாக உட்காரக்கூடிய நீண்ட முன்னிருக்கையும் கொண்ட அந்தக் காரை வழியில் போகிறவர்கள் இன்றும் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். அதே கார், என் தங்கையின் திருமணத்துக்கு முதல் நாள், கல்லாறு தாண்டியதும் ஒரு கொண்டை ஊசி வளைவில் அசையாமல் நின்றுவிட்டதால், முகூர்த்தப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் பேருந்தில் குன்னூர் வந்து சேர்ந்தோம்.

இதில் காரின் பங்கு எவ்வளவோ, மலையின் பங்கும் அவ்வளவு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வருவதற்குள் சாலை 14 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்குப் போனால் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். தண்ணீரும் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். காற்று குறைந்ததை இன்றைய கார்கள் சென்சார் மூலம் அறிந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்கின்றன. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் அதற்கு வழியில்லாததால், தேவைக்கு மேல் பெட்ரோல் போய், தீப்பொறி தரும் பிளக்கில் கரி படிந்து, வண்டி இழுக்காமல் திணறுகிறது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷர் லேசாகத் தேய்ந்திருந்தாலும், உள்ளே அழுத்தம் நிற்காமல் தண்ணீர் கொதித்து வெளியே வந்துவிடும்.

எங்கள் வண்டியில் பெட்ரோல் பம்ப் எஞ்சினை ஒட்டியே இருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் சூடேறும்போது பம்புக்குள் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்கு வரவேண்டிய பெட்ரோலைத் தடுத்துவிடுகிறது. அதற்காகவே பர்லியாரில் வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, அம்மா ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து அப்பாவிடம் நீட்டுவார்; அதைப் பம்பின் மேல் சுற்றியதும் புசுபுசுவென்று ஆவி கிளம்பும்; ஆவி அடங்கும்வரை நாங்கள் பழக்கடையில் மங்குஸ்தான் உரித்துத் தின்றுகொண்டிருப்போம். கல்யாணத்துக்கு முதல் நாள் நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டதில் அந்தத் துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தோம்.

இவற்றையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் குன்னூரில் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் காலையில் வண்டி கிளம்பாது. அவர் வந்தால் முதலில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே கோத்திருக்கும் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, பிளாட்டினம் என்று சொல்லப்படும் மின்தொடர்பு முனைகளை உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். அடுத்த செல்ஃபில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு என்று எனக்கு வண்டி ஓட்டக் கற்றுத் தந்தபோது அவர் ஓயாமல் சொன்னதால்தான், டிரம் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் நிலைமை எங்களுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

அவர் காலமாகிவிட்டார். இப்போது வண்டி நின்றால் கோயம்புத்தூருக்கு ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. அங்கே சமவெளிக்கேற்ப டியூன் செய்து அனுப்பும் வண்டி, மலை ஏறியதும் மறுபடியும் திணறுகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின் புதிய இருசக்கர வாகனங்களில்கூடப் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை என்பதால், தொழில் பழகும் இளைஞர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மலையில் பழைய கார்களும் ஜீப்புகளும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் சவ்வான டயாஃப்ரமும் சீக்கிரம் கெட்டுப்போவதால், இவற்றை அறிந்து பார்க்கும் மெக்கானிக்கின் தேவை முன்பைவிட இப்போதுதான் அதிகம்.

ஆகவே, மாவட்டத்திலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்களில் மலைக்கேற்ற கார்புரேட்டர் டியூனிங்கை ஒரு குறுகிய காலப் பயிற்சியாகவாவது கற்றுத்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னும் தொழிலில் இருக்கும் மூத்த மெக்கானிக்குகளைச் சந்தித்து, அவர்கள் அறிந்தவற்றைத் தங்கள் இதழ் பதிவுசெய்தால் பெரிய உதவியாக இருக்கும்.

எங்கள் காரின் டாஷ்போர்டு அறையில், ஒரு சிறிய தகர டப்பாவில், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டுகள், அந்தப் பெரியவர் தேர்ந்து கொடுத்த பித்தளை ஜெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றைச் சுற்றிய தாளில் "மேலே" என்றும், மற்றொன்றில் "கீழே" என்றும் என் தந்தை எழுதிவைத்திருக்கிறார். அவற்றை மாற்றிப் பொருத்தத் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் இப்போது இல்லை. மாணவர்கள் கற்றுக்கொள்ள முன்வந்தால், அந்த டப்பாவோடு காரையும் கொண்டுவந்து நிறுத்த நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.